கள்ளிக்காட்டு மேற்கோரம்

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். பெண்பிள்ளைகள் எங்கே ஒதுங்கினார்கள் என்பதை எழுதி வைத்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்றார்கள். சிரிக்கட்டும். இந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசாததால்தான் என் தங்கை செத்தாள். அவள் செத்த பிறகும் பேசவில்லை. எனக்கு வயதாகிவிட்டது. இனி யாருடைய மானத்தையும் கட்டிக் காக்க எனக்குத் தெம்பு இல்லை.

நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் இடையில், மழையை நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. அங்கே அண்ணன் தம்பி இருவருக்கு நானும் என் தங்கையும் வாழ்க்கைப்பட்டோம். அண்ணனுக்கு நான், தம்பிக்கு அவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. வெள்ளைக்காரன் காலம் அது. ஊருக்குக் கிழக்கே, வீடுகள் முடிகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கள்ளிக்காடு தொடங்கும். சப்பாத்திக்கள்ளிதான். ஆள் உயரத்துக்கு மேல், மட்டை மேல் மட்டையாக ஏறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அந்தப் பக்கம் இருக்கும் சோளக்காடு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டு நின்றது. ஆண்கள் அதைக் கண்டாலே திட்டுவார்கள். முள்ளைத் திட்டுவார்கள், பாம்பைத் திட்டுவார்கள், வருஷத்துக்கு வருஷம் அது விழுங்குகிற நிலத்தை நினைத்துத் திட்டுவார்கள்.

பெண்கள் நாங்கள் திட்டியதில்லை. விடியுமுன்னும் பொழுது இறங்கிய பின்னும் எங்களுக்கு இருந்த ஒரே மறைவு அது. மேற்கோரம் முழுக்க எங்களுடையது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஆண்கள் வரக் கூடாது என்பது ஊரில் யாரும் போடாத சட்டம். தப்பித் தவறி மாட்டைத் தேடி வருகிறவன்கூடத் தூரத்திலேயே கனைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

ஏன் மேற்கோரம் என்றால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நான் வந்த புதிதிலேயே தெருப் பெண்கள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கள்ளிக்காடு வெளியிலிருந்து பார்க்கத்தான் ஒரே காடு. உள்ளே அதது அததன் இடத்தில் குடியிருந்தது. கிழக்கோரம் சோளக்காட்டை ஒட்டியது, மண்ணும் பொலபொலவென்று இருக்கும், அதனால் எலி வளை பூராவும் அங்கே. எலி இருக்கிற இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். வடக்கே தாழ்வான இடத்தில் முயல் படுக்கும். நடுக்காட்டில் முள் அடர்த்தி, அங்கே குருவிகள் கூடு கட்டும், செம்போத்து தத்தித் தத்தி நடக்கும். மேற்கோரம் வெறும் சரளைக்கல். எலி வளை தோண்ட முடியாது. எலி இல்லை, ஆகையால் விரியன் இல்லை. ஓணானும் கௌதாரியும்தான். எத்தனையோ தலைமுறைப் பெண்கள் காலால் நடந்து தெரிந்துகொண்ட கணக்கு அது. ஒருநாளும் பிசகியதில்லை.

என் வீட்டுக்காரருக்கும் அந்தக் கள்ளிக்கும் தீராத பகை. பாகம் பிரித்தபோது பங்காளிகள் நல்ல நிலத்தை எடுத்துக்கொண்டு, கள்ளி ஏறிக் கிடந்த கிழக்குப் பக்கத்தை அண்ணன் தம்பி தலையில் கட்டிவிட்டார்கள். பத்திரத்தில் காடு, கண்ணுக்கு முள். வெட்டினால் வெட்டிய மட்டை ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் வேர்விடும். கொளுத்தினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இரண்டு பேரும் கை கால் எல்லாம் முள் தைத்து, அதைப் பிடுங்கிக்கொண்டே சாப்பிட உட்காருவார்கள். அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் பூச்சி வந்தது. கள்ளியைத் தின்கிற பூச்சி என்று ஒன்று சர்க்காரில் கொடுக்கிறார்களாம், மற்ற ஊர்களில் விட்டுக் கள்ளியே அழிந்து போயிற்றாம் என்று சந்தையில் பேச்சு. ஒரு சந்தை நாளில் என் கொழுந்தனார் கூடை நிறையக் கள்ளி மட்டை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஊரெல்லாம் கள்ளியாகக் கிடக்க, காசு கொடுத்துக் கள்ளி வாங்கி வந்த மனுஷனை வேறு எங்கே பார்ப்பது? என் தங்கை சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மட்டை மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது, அதுதான் பூச்சியாம். கொழுந்தனார் அதில் ஒன்றை நகத்தால் நசுக்கிக் காட்டினார். விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. தங்கை சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அதைப் போய்க் கழுவுங்கள் என்றாள்.

கிழக்கோரத்தில் தங்கள் பங்குக் கள்ளி மேல் அந்த மட்டைகளைக் கட்டி வைத்தார்கள். மழைக்காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மழை அடித்துக் கழுவிவிட்டது, கொழுந்தனாரைப் பார்க்கிறவனெல்லாம் கள்ளி வியாபாரி என்று கூப்பிட்டான். மழை நின்று வெயில் ஏறியதும் பிடித்துக்கொண்டது. காற்றில் ஏறிப் போனதோ, மேயப் போன ஆட்டின் மயிரில் ஒட்டிப் போனதோ, ஒரு புதரிலிருந்து அடுத்த புதர், அங்கிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. கிழக்குப் பக்கம் மட்டைகள் மஞ்சளாகி, தொங்கி, அழுகி விழுந்தன. அழுகிய நாற்றம் வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். ஆண்களுக்கோ தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் விழுந்து காய்ந்த கள்ளியை வாரிக் கொளுத்திவிட்டு, அந்தச் சாம்பல் சூட்டிலேயே ஏர் பூட்டினார்.

தெருப் பெண்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிழக்கே வெளிச்சம் திறந்துகொண்டு வந்தது. ஒருநாள் சோறு போடும்போது நான் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, அத்தனையும் போயிட்டா நாங்க எங்கீங்க போறது?"

அவருக்குப் புரிந்தது. தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓடைக்குப் போறது."

ஓடை சுடுகாட்டையும் தாண்டி. கரையில் ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. அதுவும் ஆண்கள் போகிற இடம். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

அந்த வருஷம் என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். மூத்தது பெண், அப்போதுதான் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறது. இந்த முறை அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. மேற்கோரத்திலும் வெள்ளை ஏறி மட்டை உதிர ஆரம்பித்திருந்தது. ஓடை வரைக்கும் போய்த் திரும்புவது அவளால் ஆகாது. வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்றால் எதிர் வீட்டு மேட்டிலிருந்து எல்லாம் தெரியும். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். தண்ணீரைக் குறைத்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிள்ளை பிறக்கும் வரையிலாவது மேற்கோரத்தைக் காப்பாற்றி வைப்பது என்று பெண்கள் முடிவு செய்தோம். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஒருத்தி ஒரு நாள் சாம்பல் கரைத்த தண்ணீர் கொண்டு வந்தாள். மறுநாள் ஆளுக்கு ஒரு குடம் வந்தது. தேங்காய்நாரைக் கட்டி, அதைத் தோய்த்து, வெள்ளை தெரிந்த மட்டையெல்லாம் தேய்த்தோம். ரொம்பப் பிடித்த மட்டையைத் தொரட்டியால் அறுத்துத் தூரக் கொண்டு போய்க் கொளுத்தினோம். கையெல்லாம் முள், சேலையெல்லாம் சிவப்புக் கறை. பூச்சியை ஊருக்குள் கொண்டு வந்தது எங்கள் வீடுதான் என்பதால் நான் மற்றவர்களைவிட அதிகமாகத் தேய்த்தேன். ஆண்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். அந்தப் பக்கம் கள்ளிக்குப் பூச்சி, இந்தப் பக்கம் கள்ளிக்கு வைத்தியம், ஊர் நன்றாக இருக்கிறது என்று ஒருவன் கிண்டல் பேசியது காதில் விழுந்தது.

நாங்கள் ஜெயித்தோம். அதைத்தான் சொல்ல வேண்டும். கிழக்கு போயிற்று, வடக்கு போயிற்று, நடுக்காடு போயிற்று. அத்தனை பெரிய காட்டில், களத்துமேடு அளவுக்கு மேற்கே ஒரு துண்டு மட்டும் பச்சையாக நின்றது.

அந்தச் சமயத்தில் ஊரில் வேட்டை அமர்க்களப்பட்டது. நடுப்பகலில், நாங்கள் போகாத நேரமாகப் பார்த்து, இளவட்டங்கள் அந்தத் துண்டைச் சுற்றி வலை கட்டுவார்கள். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் முயல் வந்து விழும். முன்னே நாள் முழுக்க அலைந்தாலும் ஒரு முயல் குதிரைக் கொம்பு. இப்போது உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது. கௌதாரி கேட்கவே வேண்டாம். கள்ளி ஒழிந்ததும் முயல் பெருத்துப் போச்சு என்று ஊரே சொன்னது. கறி எங்கள் வீட்டுக்கும் வந்தது, நானும்தான் குழம்பு வைத்தேன். என் தங்கைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று ஈரலை எடுத்து வைத்தேன்.

அவளுக்குப் பறவைகள் மேல் ஒரு கண். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எங்கே எது கத்துகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரு சாயங்காலம் மேற்கோரத்திலிருந்து திரும்பும்போது நின்று கேட்டாள்.

"அக்கா, செம்போத்து நடுக்காட்டை உட்டு வராதே. இங்க எதுக்கு வந்து கத்துது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். செம்போத்தும் உன்னைப் போல மாசமாக இருக்கும், தூரம் நடக்க முடியவில்லை என்றாள் ஒருத்தி. தங்கையும் சிரித்துவிட்டாள். இன்னொரு நாள், கீழே விழுந்த மட்டைகளுக்கு அடியில் எலிப் புழுக்கை கிடக்கிறது என்றாள். சரளையில் எலி ஏது, ஓணான் போட்டதாக இருக்கும் என்று வயதில் மூத்தவர்கள் சொன்னார்கள். மேற்கோரத்தில் எலி இல்லை, விரியன் இல்லை. அது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம் மாதிரி. நிலம் அதே நிலம்தான், சரளை அதே சரளைதான். அதைச் சுற்றி இருந்தது மாறிவிட்டது என்பது எங்கள் ஒருத்தி புத்திக்கும் எட்டவில்லை.

அன்றைக்குப் பொழுது இறங்கி, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நான் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். அவளால் குனிந்து தரையைப் பார்க்க முடியாது, வயிறு அப்படி. வழக்கமாக உட்காருகிற இடத்துக்கு இரண்டு புதர் தள்ளி நான் திரும்பி நின்றுகொண்டேன். உலைப்பானை மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வருகிற மாதிரி ஒரு சீற்றம் கேட்டது. அடுத்த நொடி அவள் என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடித்த விரியன் ஒன்று மட்டைக்கு அடியில் உடம்பை இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"மேக்கோரந்தானேக்கா," என்றாள். "இங்க எப்படி?"

சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். ஆட்கள் வந்து கட்டிலில் தூக்கிப் போனார்கள். வேர் அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், பிறகு வண்டி கட்டி ராசிபுரத்துக்கு ஓட்டினார்கள். கால் வாழைத்தண்டாக வீங்கிவிட்டது. போகும் வழியிலேயே பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. நான் துடைக்கத் துடைக்க வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கொழுந்தனார் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று. நான் அழுதேன் என்று எழுதினால் போதாது. வண்டியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, எதிரே வந்தவர்களையெல்லாம் வைது தீர்த்தேன்.

காரியம் முடிந்த கையோடு ஆண்கள் அந்தத் துண்டைக் கொளுத்தினார்கள். சுற்றிலும் தடியோடு நின்றார்கள். நானும் போய் நின்றேன், யாரும் என்னைத் தடுக்கத் துணியவில்லை. புகை ஏறியதும் வர ஆரம்பித்தன. எலி, முயல், கீரி, விரியன், பெயர் தெரியாத குட்டிப் பாம்புகள், மறுபடியும் எலி. ஒன்றை ஒன்று பிடிக்கிற ஜென்மங்கள் எல்லாம் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காமல் சேர்ந்து ஓடி வந்தன. அடித்து அடித்து ஆண்களுக்குக் கை ஓய்ந்தது. செம்போத்து ஒன்று புகைக்குள்ளிருந்து எழுந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், வெறும் உழவுக்காட்டின் மேல் தாழப் பறந்து போனது.

கள்ளி இருந்தால் எப்படிப் பெருகுது பார், இதைத்தான் காப்பாற்றி வைத்தார்கள் நம் பொம்பளைகள் என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். எனக்கு அதுவரை இருந்த அடக்கம் போய்விட்டது.

"பெருகலீங்க," என்றேன். "அத்தனை காட்டுலயும் இருந்ததுதான். நீங்க ஒவ்வொரு பக்கமா அழிச்சீங்க. போக எடமில்லாம இங்க வந்து சேந்துச்சு. எங்களாட்டந்தான்."

அத்தனை ஆண்கள் நடுவில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கொழுந்தனார் தடியைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த நிலத்தில் காலும் வைக்கவில்லை, கூலிக்கு வண்டி ஓட்டப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த வருஷம் நிலக்கடலை போட்டார்கள். அமோகமாக விளைந்தது. எலி வீடுகளுக்குள் வந்தது, குதிருக்குள் வந்தது. முயல் பெருத்துப் போச்சு என்று சொன்ன ஊரில் கண்ணில் பட ஒரு முயல் இல்லை. வலையெல்லாம் பரணில் கிடந்து மக்கிப் போயின. அந்தப் பூச்சியும் காணாமல் போயிற்று. கள்ளி இல்லாத ஊரில் அது எதைத் தின்று இருக்கும்? நான் வேண்டுமென்றே தேடிப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாக ஒரு பொட்டுகூட எங்கும் இல்லை.

நாங்கள் ஓடைக்கு நடந்தோம். ஒருத்தி தனியாகப் போக முடியாது, கூட்டமாகத்தான் போக வேண்டும். விளக்கு வெளிச்சம் தெரிந்தால் எழுந்து நிற்க வேண்டும், வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். பெண்கள் எல்லாரும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். நீர்க்கடுப்பு இல்லாத பெண் எங்கள் தெருவில் கிடையாது. ஆண்கள் அதற்குப் பனங்கற்கண்டு வாங்கி வந்து கொடுத்தார்கள், அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

தங்கை மகளை நான்தான் வளர்த்தேன். அவளுக்கு அம்மாவின் கண். ஜெர்மன்காரன் சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைந்துகொண்டிருந்த சமயம், அவள் பெரிய மனுஷியானாள். வீட்டுக்குப் பின்னால் நாலு சுவர் வைத்துத் தாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஊரில் எவன் வீட்டில் அப்படி இருக்கிறது என்றார். அந்த வருஷம்தான் கடலைக்காட்டு வரப்பில், பறவை எச்சத்தில் விழுந்த விதையோ என்னவோ, ஒரு கள்ளி முளைத்து நின்றது. இரண்டே மட்டை. அவர் மண்வெட்டியோடு போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இதை உட்டா காடு பூராவும் ஏறிப்போயிரும், புள்ளே."

"ஏறட்டுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பைத்தியக்காரி என்று எனக்கும் ஒரு பெயர் வந்தது. இரண்டு மட்டை நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. அது வளர்ந்து ஒரு பெண்ணை மறைக்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊற்றினேன்.

ஒரு நாள் சாயங்காலம், ஓடைக்குக் கிளம்பும் முன், மகளும் நானும் வரப்புக்குப் போனோம். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"பெரிம்மா, இதுல என்ன வெள்ளையா ஒட்டியிருக்குது?"

குனிந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு கள்ளி கிடையாது. அத்தனை வருஷம் அது எங்கே கிடந்தது, எந்தக் காற்றில் வந்தது, இந்த ஒற்றைச் செடியை எப்படிக் கண்டுபிடித்தது, எனக்குத் தெரியாது. தனக்கு வேண்டிய இடத்துக்கு அது வந்து சேர்ந்துவிட்டது. சாம்பல் தண்ணீருக்கு நான் போகவில்லை. விரலால் நசுக்கி, சிவப்பைச் சேலையில் துடைத்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, தெருப் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்கள். கீழே பார்த்து நட என்று சொல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் ஓடையைப் பார்த்து நடந்தேன்.